நோட்டீஸ் அனுப்பினால் கெடு நிற்காது

கேள்வி: என் நாத்தனாரின் கணவர் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். 2023 செப்டம்பரில் என் நகையை அடகு வைத்து, 2 லட்ச ரூபாயை வங்கி மூலமாக அவருக்கு அனுப்பினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். முதல் வருடம் வட்டி ஜிபேயில் ஒழுங்காக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ரொம்ப நெருக்கியதும் போன மாதம் 2 லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார். போட்டேன், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. மெமோ கைக்கு வந்து ஒன்பது நாளாகிறது. வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்கிறான் தம்பி. "சொந்தத்துக்குள்ள நோட்டீஸா?" என்று மாமியார் அழுகிறார். நானே எழுதி அனுப்பலாமா? அவர் வாங்காமல் திருப்பிவிட்டால் என்ன செய்வது? ஒரு தடவை அனுப்பிவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்திருந்து பார்க்கலாம்தானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணத்தை இழக்க வைப்பது பெரும்பாலும் அந்த எண்ணம்தான். நோட்டீஸ் அனுப்பியதால் கோர்ட்டுக்குப் போவதற்கான கெடு ஒரு நாள்கூட நீளாது. "நோட்டீஸ் விட்டாச்சு, இனி அவர் பாடு" என்று ஒரு வருடம் கழித்துக் காகிதக் கட்டோடு வருபவர்கள் நிறைய. அதற்குள் கெடு முடிந்திருக்கும். கடன் உண்மை, கையெழுத்து உண்மை, ஆனாலும் தாவா (பணம் கேட்டு சிவில் கோர்ட்டில் போடும் வழக்கு) நிற்காது. அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

உங்களிடம் இருப்பவை இரண்டு காகிதங்கள்: செக்கும் புரோநோட்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது. செக்கின் கெடு மிகவும் குறுகியது என்பதால் அதை முதலில் பாருங்கள்.

1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். செக் விஷயத்தில் நோட்டீஸ் கட்டாயம், அது இல்லாமல் வழக்கே கிடையாது. நீங்கள் எழுதும்போது ஒன்பது நாள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பாதிக்கு மேல் ஓடியிருக்கும். அதனால் அடுத்த விசேஷத்தில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். பத்தாம் தேதி அவர் கைக்குப் போனால் இருபத்தைந்தாம் தேதி வரை காத்திருக்க வேண்டும். அது கடந்ததும் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் மனு கொடுக்க வேண்டும். 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுக் கொடுத்தாலும் அந்த மனு நிற்காது. இதற்காக நீங்கள் கும்பகோணத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் செக்கைப் போட்ட உங்கள் வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குள்தான் வழக்கு.

ஒருவேளை 30 நாள் தவறிப் போயிருந்தாலும் இடிந்துபோய் உட்கார வேண்டாம். செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை என்றால், அதே செக்கை மறுபடி வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் அதிலிருந்து புதிதாக 30 நாள். இது செல்லும் என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து புரோநோட்டு. கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய சாதாரண நோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து மூன்று வருடம். உங்களுக்கு 2026 செப்டம்பரில், நோட்டில் இருக்கும் தேதியோடு முடிகிறது. இடையில் வட்டி வாங்கியிருக்கிறீர்களே, அதனால் கெடு நீளாதா என்று கேட்கலாம். நீளும், ஆனால் பணம் கட்டியதை அவரே தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். நம் பெரியவர்கள் வட்டி வாங்கும்போதெல்லாம் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கியது இதற்காகத்தான். ஜிபேயில் வந்த பணம் கடன் இருந்ததற்கு நல்ல சாட்சி, அந்த ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். கெடு நீண்டுவிட்டது என்று மட்டும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தத் தேதிக்குள் தாவா போட்டுவிடுவதுதான் பத்திரம்.

புரோநோட்டுக்கு நோட்டீஸ் விட்டுத்தான் தாவா போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் விடுங்கள் என்பேன். அவர் பதில் நோட்டீஸில், "கடன் வாங்கியது வாஸ்தவம், ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது எழுத்து மூலமான ஒப்புதல். கெடுவுக்குள் வந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். "கையெழுத்தே என்னுடையதில்லை" என்று எழுதினாலும் லாபம்தான். எதற்குத் தயாராக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சரி, நீங்களே எழுதலாமா? எழுதலாம். எழுத்து மூலம் என்றுதான் சட்டம் கேட்கிறது, வக்கீல் கையெழுத்தைக் கேட்கவில்லை. ஆனால் செக் நோட்டீஸை மட்டும் வக்கீல் மூலமாகவே அனுப்புங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு எண் தவறினாலும் எல்லாம் போய்விடும். செக் தொகை எவ்வளவோ, அதைத்தான் கேட்க வேண்டும். 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் செக் 1 கோடிக்கு, நோட்டீஸில் கேட்டது 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள், கோர்ட் ஏற்கவில்லை. வட்டியும் செலவும் கேட்பதானால் தனியாகக் காட்ட வேண்டும், செக் தொகையோடு கலக்கக் கூடாது. என் யோசனை, செக்குக்கு ஒரு நோட்டீஸ், புரோநோட்டு வட்டிக் கணக்குக்கு வேறொரு நோட்டீஸ். செக் கொடுத்த பிறகு ஐயாயிரம், பத்தாயிரம் என்று எதையாவது அவர் தந்திருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கழிக்காமல் முழுத் தொகையைக் கேட்டால் வழக்கு பலவீனமாகும்.

வக்கீல் கட்டணம் கவலையாக இருந்தால், 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைய சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்ப்பதில்லை. கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். நகையை அடகு வைத்து உதவிய உங்களுக்கு இது சலுகை இல்லை, உரிமை. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

நோட்டீஸில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். என்றைக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, நோட்டின் தேதி, செக் எண், திரும்பிய நாள், எத்தனை நாளுக்குள் பணம் வேண்டும். அவ்வளவு போதும். "கடை முன்னால் வந்து உட்காருவேன்", "போலீஸில் சொல்லி உள்ளே தள்ளுவேன்" என்பதெல்லாம் வேண்டாம். நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான ஆவணமாகும். நோட்டீஸில் எழுதிய ஒவ்வொரு வரியையும் வைத்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். ஒரு ரூபாய் வட்டி என்று நோட்டில் இருந்தால் ஒரு ரூபாய்தான், கோபத்தில் இரண்டாக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அவர் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுக்க வேண்டாம்.

வாங்காமல் திருப்பினால் என்ன என்று கேட்டீர்கள். சரியான முகவரிக்குத் தபாலில் அனுப்பி, "வாங்க மறுத்தார்" என்றோ "வீடு பூட்டியிருந்தது" என்றோ திரும்பினால், கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு முகவரிக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள். நோட்டீஸ் நகல், தபால் ரசீது, இணையத்தில் வரும் டெலிவரி விவரம் மூன்றையும் ஒன்றாக வையுங்கள். முக்கியமாக, கவர் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். ஒட்டிய கவர் அப்படியே கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போடலாம், தபாலுக்குப் பதிலாக அல்ல, தபாலோடு சேர்த்து.

இனி உறவு. உங்கள் மாமியாரின் கண்ணீரை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு குடும்பத்தில் மகளின் கணவருக்கு மருமகள் நோட்டீஸ் விடுவது பெரிய விஷயம்தான். அதனால் தபாலில் போடுவதற்கு முன் நீங்களோ உங்கள் கணவரோ அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்: "அண்ணே, செக் திரும்பினதுக்குச் சட்டப்படி முப்பது நாள்தான் இருக்கு. அதுக்காக நோட்டீஸ் வருது. வந்ததும் பேசிக்கலாம்." வீட்டுக்கு வந்த தபாலைப் பார்த்து நாத்தனார் அதிர்ச்சியடைவதைவிட இது எவ்வளவோ மேல். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். செக் கொடுத்தவருக்கு இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பணம் வந்தால் நீங்களே வழக்கை முடித்துவிடலாம்.

வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்றைச் சட்டப் பணிகள் குழுவில் கொடுத்து, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தவணை பேசி முடிப்பதும் நல்ல வழி. அங்கே எழுதப்படும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் அந்த மனுவைக் காட்டிச் செக் நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் கூடவே நடக்கட்டும்.

பணத்தைத் தவணையாகத் தர அவர் ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் புரோநோட்டின் பின்பக்கம் தொகையும் தேதியும் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அசலும் வட்டியும் முழுதாக வந்து சேரும் வரை நோட்டையும் செக்கையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மாமியாரே கேட்டாலும்.