மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளில் அணிப் புள்ளி கொடுக்கும் முறை நியாயமானதா? 12 பேர் உள்ள கிளப் 70 பேர் உள்ள கிளப்போடு எப்படி மோதுவது?

கோப்பையை 70 பேர் கிளப்பிடம் விட்டுவிட்டு வந்த சூட்டோடு இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சூடு எனக்குப் பழக்கம்தான். உங்களுக்காவது 12 பேர். எங்கள் கிளப்பில் 9 பேர். நான்தான் கேப்டன், வேறு யாரும் அந்த வேலைக்கு வராததால்.

நியாயமில்லை என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் மாற்று ‘மொத்தப் புள்ளியை ஆள்கணக்கால் வகுக்க வேண்டும்’ என்பதாக இருந்தால், அது இதைவிட மோசம். அதை நானே கேட்டு வாங்கி, நானே அனுபவித்துவிட்டேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: மாஸ்டர்ஸ் என்பது பெரியவர்களுக்கான நீச்சல். அதில் 25–29, 30–34 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக இடம் கொடுப்பார்கள். நாங்கள் போன போட்டியில் முதல் இடத்துக்கு 11 புள்ளி, இரண்டாவதுக்கு 9, பிறகு 8, 7 என்று இறங்கிப் பத்தாவது இடத்துக்கு 1. ரிலே என்றால் இரட்டிப்பு. பதினொன்றாவது இடத்துக்குப் பூஜ்யம். ஒரு கிளப்பின் ஆட்கள் எடுத்ததையெல்லாம் கூட்டினால் அணியின் மொத்தம், அது அதிகமாக இருக்கிற கிளப்புக்குக் கோப்பை.

அந்தப் பதினொன்றாவது இடம் என்னுடையது. ஆண்கள் 45–49, 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். பத்தாவது ஆளுக்கும் எனக்கும் 0.08 வினாடி வித்தியாசம். முடிவுத் தாளைச் சுவரில் எறும்பு எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி பையில் இருந்தது. ஈர விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். என் பெயருக்கு வந்து சேர்வதற்குள் மை கலங்கிவிட்டது. (வெள்ளெழுத்து வந்த வயதுக்காரர்களுக்கென்றே நடக்கும் போட்டியில் ஏன் இவ்வளவு சின்ன எழுத்து என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

பக்கத்திலேயே இன்னொரு தாள். பெண்கள் 75–79, 200 மீட்டர் பட்டர்ஃபிளை. பெயர் கொடுத்தவர் ஒரே ஒருவர், 11 புள்ளி. அவர் ஒரு பெரிய கிளப்பைச் சேர்ந்தவர். 30 பேரோடு முட்டி மோதிய எனக்குப் பூஜ்யம், எதிரில் ஆளே இல்லாதவருக்கு 11. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

ஆனால் அந்த அம்மா நீந்தியதை நான் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். மாஸ்டர்ஸில் பட்டர்ஃபிளைக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் தவளை உதை அனுமதி உண்டு. அதை வைத்து ஒவ்வொரு முறையும் இரு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, மூச்சு வாங்கி, அடுத்தது. கடைசி 50 மீட்டரில் நீச்சல்குளமே எழுந்து நின்றது. அந்த 11 புள்ளியை ஓசி என்று சொல்கிறவர் முதலில் 200 பட்டர்ஃபிளை நீந்திக் காட்டட்டும். நான் அப்போது ஓசி என்றுதான் சொன்னேன், வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் அமைப்பாளர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். ஆள் பலத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள், சராசரி பாருங்கள் என்று. என்னைப் போல நாலைந்து சின்ன கிளப்காரர்களும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கொண்டுவந்துவிட்டார்கள்: அணியின் மொத்தப் புள்ளியை, களமிறங்கிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது எதுவோ அதுதான் அணியின் கணக்கு.

எங்கள் கிளப்பில் ஓர் அக்கா. 49 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டவர், அப்போது 52. அவருடைய 50–54 பிரிவில் கூட்டம் அதிகம், பழைய கல்லூரி வீராங்கனைகள் எல்லாம் அங்கேதான். அக்காவுக்குப் புள்ளி கிடைக்க வழியே இல்லை. நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாங்கள் சுமார் 214 புள்ளி எடுப்போம். 9 பேரால் வகுத்தால் 23.8. அக்கா இல்லாமல் 8 பேரால் வகுத்தால் 26.75. எங்களுக்குப் போட்டியாக இருந்த கிளப் 25 பக்கம் வரும்.

மறுநாள் போன் செய்தேன். நேரே சொல்ல வாய் வரவில்லை. “அக்கா, இந்த வருஷம் புள்ளிக் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி...” என்று இழுத்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. “எனக்கும் அந்த வாரம் வீட்டுல வேலை இருக்குப்பா, நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார். மூன்று மாதமாகச் சுவரைத் தொட்டுத் திரும்புவதைப் பழகிக்கொண்டிருந்தவர்.

போட்டி அன்றைக்கு வந்துவிட்டார். எங்கள் எட்டுப் பேரின் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தோம். கோப்பையோடு நிற்கிற படத்தை எடுத்ததும் அவர்தான். அந்தப் படத்தை நான் எங்கேயும் போட்டதில்லை.

நாங்கள் மட்டும் செய்ததல்ல இது. அந்த ஆண்டு கிளப் கிளப்பாகப் புதியவர்களைக் கரையிலேயே நிறுத்தினார்கள். வந்த ஆட்கள் குறைந்ததும் அமைப்பாளர்கள் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

‘இந்த வயதில் கோப்பைக்கு அடித்துக்கொள்கிறீர்களே, உடம்புக்குத்தானே நீச்சல்?’ என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள். 1970இல் அமெரிக்காவின் அமரில்லோவில் முதல் மாஸ்டர்ஸ் தேசியப் போட்டி நடந்ததற்கு முன்னின்றவர்களில் ஒருவர் ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர். உடம்புக்காகத்தான். போட்டி என்று ஒன்று இருந்தால்தான் பெரியவர்கள் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. காலை ஐந்தரைக்குக் குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொன்னது சரி.

இன்னொரு வகையினர் கணினிப் பட்டியலோடு வருவார்கள்: இடத்தை விடுங்கள், நேரத்தை உலக சாதனையோடு ஒப்பிட்டுப் புள்ளி கொடுங்கள் என்று. உலக நீச்சல் அமைப்பின் சூத்திரமே இருக்கிறது. அடிப்படை நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்து, வருகிற எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்கி, 1000ஆல் பெருக்க வேண்டும். பத்து சதவீதம் மெதுவாக நீந்தினால் 751. இளையவர்களுக்கு அழகாக வேலை செய்யும். வயதுப் பிரிவுச் சாதனைகளை அடிப்படையாக வைத்தால் வயது ஏற ஏற ஒற்றை மனிதரிடம் மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கொரோனஸ் 2018இல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 56.12 வினாடியில் முடித்தார், 100–104 பிரிவில். அவருக்கு அப்போது 99 வயது. டிசம்பர் 31 அன்று எத்தனை வயது என்பதுதான் கணக்கு என்பதால் அந்தப் பிரிவு. அதற்கு முந்தைய சாதனை 1 நிமிடம் 31.19 வினாடி. அந்த 1:31.19க்கு முதல் நாள் 1000 புள்ளி என்றால், மறுநாள் அதே நீச்சலுக்கு 233. இதை எந்தக் கேப்டன் தன் அணிக்கு விளக்கிச் சொல்வது?

பிறகு நான் கேட்டதும், இப்போது எங்களுக்கு நடப்பதும், சின்னது, நடுத்தரம், பெரியது என்று கிளப்களைப் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை. இதிலும் தில்லுமுல்லு உண்டு. எல்லையில் நிற்கிற கிளப் இரண்டு பேரை விட்டுவிட்டு வந்து ‘சின்ன’ ஆகிவிடும். ஆனால் அதற்காக யாரும் ஓர் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை, பெரும்பாலும். உங்கள் அமைப்பாளர்களிடம் இதைக் கேளுங்கள். பிரிவு எது என்பதைப் பெயர் பதிவு தொடங்கும் முன்பே கிளப்பின் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள், போட்டிக்கு வந்தவர்களை வைத்து அல்ல. பெரிய கிளப்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கோப்பை உங்களுக்கே.

ரிலேயையும் கவனியுங்கள். நால்வரின் வயதைக் கூட்டித்தான் பிரிவு: 160–199, 200–239 என்று போகும். ஒருமுறை எங்கள் நால்வரின் கூட்டு 199. ஒரே ஒரு வயது கூடுதலாக இருந்திருந்தால் அடுத்த பிரிவில் நாங்கள்தான் இளசுகள். குறைந்ததால் நாற்பது வயதுக்காரர்களிடம் உதை வாங்கினோம். ரிலே புள்ளி இரட்டிப்பு என்பதால், 12 பேரை வைத்து இந்தக் கூட்டலை ஒழுங்காகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அந்த 75 வயது அம்மாவின் வழி. உங்கள் ஆட்களில் 200 பட்டர்ஃபிளையோ, நான்கு பாணியும் கலந்த 400 மெட்லியோ முடிக்கக்கூடியவர் இருந்தால் பெயர் கொடுத்துவிடுங்கள், கூட்டம் இருக்காது. போன ஆண்டு நானும் கொடுத்தேன். என் பிரிவில் இரண்டே பேர், கடைசியாக வந்தாலும் 9 புள்ளி உறுதி. கடைசிச் சுவரில் சோர்ந்துபோய் ஒரு கையை மட்டும் நீட்டித் தொட்டேன். தகுதிநீக்கம். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்று உங்கள் ஆளிடம் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.