பாலிப் எடுத்தாச்சு, அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது?

கேள்வி: எனக்கு வயது 53. மூன்று மாதம் முன்பு கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) இரண்டு பாலிப்களை, அதாவது குடல் சுவரில் வளர்ந்த சின்னக் கட்டிகளை, எடுத்தார்கள். ஒன்று 6 மி.மீ., இன்னொன்று 4 மி.மீ. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘டியூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா’ என்று இருக்கிறது. 7 வருடம் கழித்து வந்தால் போதும் என்கிறார் டாக்டர். என்னோடு வேலை பார்ப்பவருக்கோ 3 வருடம் என்றார்களாம். வருடா வருடம் பார்த்துவிட்டால் நிம்மதிதானே? இடையில் மலப் பரிசோதனையாவது செய்யலாமா?

பதில்: முதலில் அந்த ‘டிஸ்பிளேசியா’வைப் பார்த்து மிரள வேண்டாம். செல்களின் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அடினோமா என்பது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை; அது என்றாலே லோ கிரேடு, அதாவது லேசான, டிஸ்பிளேசியாவாவது இருக்கும். ஹை கிரேடு என்று இருந்தால்தான் கணக்கு மாறும்.

அடுத்த தேதியை முடிவு செய்பவை பாலிப்பின் எண்ணிக்கை, அளவு, வகை. 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி, 10 மி.மீ.க்குக் குறைவான டியூபுலர் அடினோமா ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 வருடம். மூன்று நான்கு என்றால் 3 முதல் 5 வருடம். 5 முதல் 10 வரை இருந்தாலோ, ஒன்றாவது 10 மி.மீ.யைத் தொட்டாலோ, வில்லஸ் (விரல் விரலாக நீட்டிக்கொண்டு வளரும்) வகை அல்லது ஹை கிரேடு என்று வந்தாலோ 3 வருடம். உங்கள் நண்பர் இந்தக் கடைசி ரகமாக இருக்கலாம். அதே ஆண்டு வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் தாராளம்: உங்களுக்கு இருந்ததைப் போன்ற சின்ன அடினோமா நான்கு வரை இருந்தாலும் தனிக் கண்காணிப்பே வேண்டாம், எல்லோரையும்போல வழக்கமான ஸ்கிரீனிங் (தொந்தரவு இல்லாதவர்களுக்கும் செய்யும் பரிசோதனை) போதும் என்கிறது. ஆக, உங்கள் டாக்டர் சொன்னதில் அலட்சியம் எதுவும் இல்லை.

வருடா வருடம் ஏன் வேண்டாம்? சின்ன அடினோமா புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும். பல மாறுவதே இல்லை. கொலோனோஸ்கோபியிலோ குடலில் ஓட்டை விழுவது, ரத்தக்கசிவு என்று அபூர்வமான ஆபத்துகள் உண்டு. பலன் இல்லாத இடத்தில் அவற்றை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். நோயாளிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது? கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ‘சீக்கம்’ வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை, கருவி போனது என்று இருக்க வேண்டும். பேதி மருந்து நன்றாக வேலை செய்ததா என்றும் எழுதியிருப்பார்கள். போதவில்லை என்று இருந்தால் அந்த 7 வருடக் கணக்கு செல்லாது. ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மலம் ஒட்டிய மடிப்புக்குப் பின்னால் 6 மி.மீ. பாலிப் ஒளிந்துகொள்வது பெரிய காரியமே இல்லை. அடுத்த முறை மருந்தின் இரண்டாம் பாதியை, டாக்டர் சொன்ன நேரப்படி, அன்று காலையே குடித்து முடியுங்கள். விடிகாலையில் எழ வேண்டும், ருசியும் சகிக்காது. ஆனாலும் வெளியேறுவது வெளிர்மஞ்சள் தண்ணீராகத் தெளிய வேண்டும்.

மலப் பரிசோதனை இப்போது வேண்டாம். அது ரத்தத்தைத் தேடும் சோதனை. சின்ன பாலிப்கள் பெரும்பாலும் கசிவதில்லை, மூலத்தால் வரும் ரத்தமும் அதில் சிக்கும். பாசிட்டிவ் என்று வந்தால் தேவையில்லாத இன்னொரு கொலோனோஸ்கோபிதான்.

அப்புறம், 7 வருடம் என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கான தேதி. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவது, மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; இடைவெளி குறையலாம்.

கொலோனோஸ்கோபி, பயாப்ஸி இரண்டு ரிப்போர்ட்டையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். 7 வருடத்தில் டாக்டர் மாறியிருப்பார், ஃபைல் காணாமல் போயிருக்கும். “ஏதோ சின்னக் கட்டி எடுத்தாங்க” என்று மட்டும் சொன்னால் யாராலும் கணக்குப் போட முடியாது.