டி.வி.டி. வந்த காலுக்கு ஸ்டாக்கிங்ஸ்: கேள்வி பதில்

அம்மாவுக்கு இடது காலில் டி.வி.டி., அதாவது காலின் ஆழமான சிரையில் ரத்த உறைவு. வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறை (ஸ்டாக்கிங்ஸ்) முழங்கால் வரை, கிளாஸ் 2 என்று டாக்டர் சீட்டில் இருக்கிறது. கடையில் மீடியமா லார்ஜா என்று கேட்கிறார்கள்.

காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் இஞ்ச் டேப்பை எடுங்கள். கணுக்கால் மொட்டுக்கு மேலே மிக மெலிந்த இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் தடித்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழ்வரை உயரம். இந்த மூன்றையும் பெட்டியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டை வேறு சைஸிலும் விழுந்தால் அளவெடுத்துத் தைப்பதே வழி. 'கிளாஸ் 2' என்ற பெயரை நம்பாதீர்கள்: ஜெர்மன் கணக்கில் அது 23–32 மி.மீ. பாதரச அழுத்தம், பிரிட்டிஷ் கணக்கில் 18–24. பெட்டியில் எண்ணைப் பாருங்கள்.

மாட்டும்போது மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். ஸ்டாக்கிங்ஸுக்குள் கைவிட்டு, குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உள்வெளியாகத் திருப்புங்கள். குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகே மீதியை மேலேற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் நீவினால் சுருக்கம் போகும். நீளம் மிஞ்சினால் மேல்விளிம்பை மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி, கயிறு கட்டினதுபோல் ரத்தம் மேலேறாமல் நிற்கும்.

இதைப் போட்டால் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. உறைவைத் தடுப்பது மாத்திரை. ஸ்டாக்கிங்ஸ் வீக்கத்துக்கு.

ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் வீட்டில் இருக்கிறதே?

அது படுத்தே இருப்பவர்களுக்கு. நடமாடும் காலுக்கு அந்த அழுத்தம் போதாது.

அப்பாவுக்குச் சர்க்கரை. கொஞ்சம் நடந்தாலே கெண்டை இழுக்கிறது. போடலாமா?

காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சோதிக்காமல் வேண்டாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே என்றால் ரத்தநாள டாக்டர் முடிவு செய்யட்டும், 0.5-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால்விரல் அழுத்தம் பார்க்க வேண்டும்.

2014-லேயே இது வீண் என்று ஆய்வு வந்துவிட்டதே. இன்னும் ஏன் விற்கிறீர்கள்?

நான் விற்கவில்லை. நீங்கள் சொல்வது 'சாக்ஸ்' (SOX) என்ற ஆய்வு. கனடா, அமெரிக்காவில் 410 பேர். ஒரு பாதிக்கு 30–40 மி.மீ. ஸ்டாக்கிங்ஸ், மறு பாதிக்கு பார்வைக்கு அதேபோல், அழுத்தம் இல்லாதது. இரண்டு வருடத்தில் நாள்பட்ட வீக்கமும் வலியும் வந்தவர்கள் முதல் பாதியில் 14.2%, மறு பாதியில் 12.7%. வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆய்வுகள் பாதியாகக் குறைகிறது என்றன, ஆனால் அவற்றில் போலி ஸ்டாக்கிங்ஸ் கிடையாது. அதனால்தான் 2020-ல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

குறுக்கிடுகிறேன்: சாக்ஸில் பலர் ஒழுங்காகப் போடவே இல்லையே?

உண்மை. இரண்டாம் வருட முடிவில் வாரம் மூன்று நாளாவது போட்டவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் சென்னை வெயிலில் ஒரு நோயாளி அதைவிட ஒழுங்காகப் போடுவாரா?

அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?

அதுவும் இல்லை. மாலையில் கால் கனக்கிறது, செருப்பு வார் பதிகிறது என்றால் போட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் தொடருங்கள். ஒன்றுமே தெரியாத காலுக்கு, பிற்காலத்துக்குக் காப்பு என்று இரண்டு வருடம் சுமக்க நான் சொல்ல மாட்டேன்.

மாத்திரை விலை அதிகம். ஸ்டாக்கிங்ஸ் மட்டும் போதுமா?

மேலே பாருங்கள். போதாது.

இரவில்? எண்ணெய்?

படுக்கும்போது கழற்றலாம். தேங்காய் எண்ணெய் அப்போதுதான். காலையில் தடவி மாட்டினால் எலாஸ்டிக் கெடும். மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் புதிது வாங்குங்கள்.

முழங்கால் கிட்ட உருளுது, ஒரு மடி மடிச்சுக்கலாமா?

மடிக்காதீர்கள். அளவு தப்பு. திரும்ப அளந்து மாற்றுங்கள்.

நேற்றிலிருந்து மூச்சு வாங்குது, நெஞ்சும் குத்துது. ஸ்டாக்கிங்ஸ் இறுக்கமாலயா?

இல்லை. இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள்.