லுத்தரன் பள்ளியும் தரச்சான்றும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் உள்ள லுத்தரன் பள்ளிகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், வேலை தேடும் ஆசிரியர்கள், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் லுத்தரன் பள்ளியில் இருபது வருடம் பாடம் நடத்தியவள் நான். தரச்சான்று (அக்ரெடிடேஷன்) ஆய்வுக் குழுவில் ஒருத்தியாக மற்றப் பள்ளிகளுக்கும் போய் வந்திருக்கிறேன்.

மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்க ஒரு லுத்தரன் பள்ளியைப் பார்த்தோம். வாசலில் 'தேசிய லுத்தரன் பள்ளித் தரச்சான்று பெற்றது' என்று பலகை இருக்கிறது. இது அரசு அங்கீகாரம்தானே? (ஒரு தாய், இந்தியானா)

இல்லை அம்மா. நம் ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளி என்றால் அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். இங்கே அந்தக் கேள்வியே வேறு மாதிரி. வாஷிங்டனில் இருக்கும் கல்வித்துறை எந்தப் பள்ளிக்கும் தரச்சான்று தருவதில்லை. தனியார் பள்ளிக்கு என்ன விதி என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. பல மாநிலங்களில் எந்தத் தரச்சான்றும் வாங்காமலே ஒரு தனியார் பள்ளி சட்டப்படி நடக்கலாம்.

நீங்கள் பார்த்த பலகை, பள்ளி தானாக முன்வந்து ஏற்றுக்கொண்ட ஒரு சோதனைக்கான அடையாளம். அதை நடத்துவது லுத்தரன் திருச்சபையின் மிசௌரி சினட். 1847இல் சிகாகோவில், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் தொடங்கிய சபை அது. சில பள்ளிகள் இதோடு காக்னியா போன்ற பொது அமைப்பின் சான்றையும் வாங்கி வைத்திருக்கும். இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: லுத்தரன் என்ற பெயரில் பல சபைகள் உண்டு. விஸ்கான்சின் சினட்டின் பள்ளிகளுக்கு அவர்களுடைய தரச்சான்று தனி. பலகையில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது, எந்த ஆண்டு வரை செல்லும் என்று அலுவலகத்தில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

நான் சென்னையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவன். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன் வெள்ளையடிப்பது முதல் பூந்தொட்டி வைப்பது வரை எல்லாம் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தானா? (ஒரு தாத்தா, டெக்சஸ்)

அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான் ஐயா. முதலில் சுய ஆய்வு அறிக்கை, பிறகு வெளியிலிருந்து குழு, பிறகு முடிவு. ஆனால் ஏ பிளஸ் பிளஸ் மாதிரி கிரேடு கிடையாது. அதனாலேயே விளம்பரத்துக்கு அவ்வளவாக உதவாது.

பள்ளி தன்னை ஏழு தலைப்புகளில் ஆராய்ந்து எழுத வேண்டும்: நோக்கம், உறவுகள், தலைமை, ஆசிரியர்களும் பணியாளர்களும், கற்றலும் கற்பித்தலும், மாணவர் நலன், கட்டடமும் வசதிகளும். பெற்றோர், ஆசிரியர், நிர்வாகக் குழு, போதகர் எல்லோரும் அதில் உட்கார வேண்டும். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு மற்ற லுத்தரன் பள்ளிகளின் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அடங்கிய குழு வரும். எந்த ஆசிரியருக்கும் தனியாக மதிப்பெண் போடுவது எங்கள் வேலை இல்லை. பள்ளி எழுதியது உண்மையா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் அறிக்கை சினட்டின் டிஸ்ட்ரிக்ட் ஆணையத்துக்கும், அங்கிருந்து தேசிய ஆணையத்துக்கும் போகும். சான்று ஐந்து ஆண்டுகளுக்கு. இடையில் ஆண்டுதோறும், சுட்டிக்காட்டிய குறைகளில் எது சரியானது, எது நிற்கிறது என்று பள்ளி அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஒரு பள்ளி எனக்கு மறக்கவே மறக்காது. வண்ண வண்ணத் தாள் பிரித்த கனத்த கோப்பு, எல்லாத் தலைப்பிலும் தங்களுக்குத் தாங்களே முழு மதிப்பு போட்டிருந்தார்கள். கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் தீ ஒத்திகைப் பதிவேடு ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா மாதமும் காலை 10:15. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "மணி அடித்தால் எந்தக் கதவு வழியாகப் போவாய், கண்ணா?" என்று கேட்டேன். அவன் டீச்சர் முகத்தைப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தார்.

இன்னொரு பள்ளி சின்னது. இரண்டு வகுப்புக்கு ஒரு அறை. கூரை ஒழுகின இடத்தில் வாளி வைத்திருந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. அவர்களுடைய சுய ஆய்வில் ஒரு வரி: ஐந்தாம் வகுப்பு தாண்டியதும் எங்கள் பிள்ளைகள் பின்னக் கணக்கில் பின்தங்குகிறார்கள், இரண்டு வருடமாக முயன்றும் காரணம் பிடிபடவில்லை. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளையை அந்தப் பள்ளிக்குத்தான் அனுப்புவேன்.

இந்தப் பழக்கம் லுத்தரன்களுக்குப் புதிதும் இல்லை. லுத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1528இல் ஜெர்மனியின் சாக்சனியில் ஊர் ஊராகச் சபைகளைப் பார்வையிடப் போனார். கர்த்தருடைய ஜெபம்கூட மக்களுக்குத் தெரியவில்லை என்று கண்டு நொந்துபோய்த்தான் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை (கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் சிறு நூல்) எழுதினார். அதன் முன்னுரையில் அந்த வேதனையை அவரே கொட்டியிருக்கிறார். போய்ப் பார்ப்பது, கண்டதை உள்ளபடி சொல்வது, பிறகு சரிசெய்ய உட்காருவது: நாங்கள் இன்றைக்குச் செய்வதும் அதுவே.

நாங்கள் இந்துக் குடும்பம். பள்ளி நல்ல பள்ளி, தரச்சான்றும் இருக்கிறது. மத போதனை எவ்வளவு இருக்கும்? (ஒரு தந்தை, மிச்சிகன்)

தரச்சான்று இருக்கிறது என்றாலே அது நிறைய இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தலைப்பான 'நோக்கம்' பார்ப்பது அதைத்தான். கிறிஸ்தவ விசுவாசம் ஒரு பீரியடோடு நின்றுவிடாமல் எல்லாப் பாடத்திலும் கலந்திருக்கிறதா என்று குழு கேட்கும். வாராவாரம் சேப்பல் ஆராதனை, மனப்பாடம் செய்ய வேத வசனம், மேல் வகுப்பில் ஞானோபதேசம் என்று இருக்கும். பிற சமயப் பிள்ளைகளை அன்போடு சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் ஏராளம். என் வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் விலக்கு உண்டா, ஞானோபதேசத் தேர்வின் மதிப்பெண் ரிப்போர்ட் கார்டில் வருமா, சபையில் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பில் உட்கார வேண்டுமா என்று சேர்க்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு வருத்தப்படுவதில் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

ஒரு பள்ளியில் 'நேஷனல் புளூ ரிப்பன்' கொடி பறக்கிறது. இதுவும் தரச்சான்றா?

இது விருது. மத்தியக் கல்வித்துறை 1982இல் தொடங்கியது. தனியார் பள்ளிகளின் பெயரைத் தனியார் கல்விக்கான மன்றம் ஒன்று பரிந்துரைத்து வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் நாட்டளவில் மேல் 15 சதவீதத்துக்குள் மதிப்பெண் இருந்தால்தான் பரிசீலனைக்கே எடுத்துக்கொண்டார்கள். லுத்தரன் பள்ளிகள் பல வாங்கியிருக்கின்றன. 2025இல் கல்வித்துறை இந்த விருதையே நிறுத்திவிட்டது. வாங்கிய பள்ளிகள் உழைத்துத்தான் வாங்கின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடியில் ஆண்டு எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். அந்த ஆண்டு இருந்த தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் இன்னும் இருக்கிறார்களா? விருது ஒரு வருடத்து மதிப்பெண்ணைச் சொல்லும். உங்கள் பிள்ளை எட்டு வருடம் படிக்கப் போகிறாள்.

அரசு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் போதாதா? சபையே தன் பள்ளியைத் தானே சோதித்துக்கொண்டால் நம்புவது எப்படி? (ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

நியாயமான கேள்வி. பதில் நெப்ராஸ்காவில் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் மொழி என்றாலே வெறுப்பு. 1919இல் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு எந்தப் பள்ளியிலும், தனியார் பள்ளியானாலும், ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது. ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் சீயோன் லுத்தரன் சபைப் பள்ளி. அங்கே ஆசிரியர் ராபர்ட் மேயர். பிள்ளைகளுக்கு வீட்டில் ஜெர்மன், ஜெபம் ஜெர்மன். அதனால் மதிய இடைவேளையை நீட்டி, அந்த நேரத்தில் ஜெர்மனில் வேதாகமக் கதை படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1920 மே மாதம் ஒருநாள், பத்து வயதுப் பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தபோது மாவட்ட அரசு வழக்கறிஞர் அறைக்குள் வந்தார். அந்த நிமிடம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் மேயர் தப்பியிருக்கலாம். மாறவில்லை. அபராதம் 25 டாலர். கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பிள்ளைக்கு எது கற்பிப்பது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் இன்றும் சொல்வதற்கு அந்த மதிய வகுப்பு ஒரு காரணம்.

நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு மொழியில் பிள்ளை ஒரு வரி படிப்பதற்காக ஒரு வாத்தியார் நின்றார் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

அதே தீர்ப்பு, மாநிலம் நியாயமான விதிகள் விதிக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆகவே கட்டாய வருகை, தீ பாதுகாப்பு, தடுப்பூசி போன்றவற்றில் மாநிலச் சட்டம் பேசும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சோதிக்கும் பொறுப்பைச் சபைகள் தாங்களே எடுத்துக்கொண்டன. நம்புவது எப்படி என்று கேட்டீர்கள். ஆய்வுக் குழுவின் அறிக்கையைப் படிக்கத் தரச் சொல்லுங்கள். அதில் பாராட்டும் இருக்கும், திருத்தச் சொன்னதும் இருக்கும். அதை எடுத்து மேசையில் வைக்கிற தலைமையாசிரியரை நம்பலாம். சான்றிதழை மட்டும் காட்டி அறிக்கையைத் தர மறுத்தால் நான் அடுத்த பள்ளியைப் பார்ப்பேன்.

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் வவுச்சரில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்கிறார்கள். தரச்சான்று அவசியமா?

அவசியம். மில்வாக்கித் திட்டம் 1990இல் தொடங்கியது. 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகுதான் சமயப் பள்ளிகள் உள்ளே வந்தன. வவுச்சர் வாங்கும் தனியார் பள்ளி தரச்சான்று பெற்றாக வேண்டும் என்று பிற்பாடு சட்டம் வந்தது. யார் தரும் சான்று செல்லும் என்ற பட்டியலில் மிசௌரி சினட், விஸ்கான்சின் சினட் இரண்டின் அமைப்பும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கிய பள்ளி என்றால், முன்சான்றில் நடக்கிறதா, முழுச் சான்றுக்கு எவ்வளவு காலம் பாக்கி என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பி.எட். முடித்து எட்டு வருட அனுபவம். கணவரோடு மிசௌரி வந்திருக்கிறேன், வேலை செய்ய அனுமதியும் இருக்கிறது. லுத்தரன் பள்ளியில் எடுப்பார்களா? நான் சி.எஸ்.ஐ. சபை.

முயன்று பாருங்கள். முதலில் உங்கள் பட்டங்களை இங்கே மதிப்பீடு செய்து வாங்குங்கள். தரச்சான்றில் ஆசிரியர் தகுதி ஒரு முழுத் தலைப்பு என்பதால், பட்டமும் மாநில உரிமமும் உள்ளவர்களைப் பள்ளிகள் தேடும். உரிமம் இன்னும் வரவில்லை என்றால் எப்போது, எப்படி வாங்கப்போகிறீர்கள் என்ற திட்டத்தோடு போங்கள்.

இங்கே ஆசிரியர் பணி இரண்டு வகை. ஒன்று, சபை முறைப்படி 'அழைத்து' ஊழியராக நியமிப்பது. அதற்கு லுத்தரன் இறையியல் படிப்பு வேண்டும், சபை உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இன்னொன்று, ஆண்டு ஒப்பந்தம். நீங்கள் இரண்டாவது வகையில் வருவீர்கள். அழைக்கப்பட்ட ஆசிரியரைச் சட்டம் சபை ஊழியராகவே பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சிகனில் ஒரு லுத்தரன் பள்ளி ஆசிரியை வேலை நீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சபை பக்கம் தீர்ப்பளித்தது. வேலைப் பாகுபாட்டுச் சட்டம் அங்கே எட்டவில்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் சட்டம் அதுதான்.

தங்கை மகனை எஃப்-1 மாணவர் விசாவில் லுத்தரன் உயர்நிலைப் பள்ளியில் படிக்க வைக்கலாமா?

தனியார் பள்ளி என்பதால் வைக்கலாம். அரசு உயர்நிலைப் பள்ளியில் எஃப்-1 மாணவர் 12 மாதத்துக்கு மேல் படிக்க முடியாது. தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் தரச்சான்று இருந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கக் குடியேற்றத் துறையின் அனுமதி பள்ளிக்குத் தனியாக வேண்டும். அது இருந்தால்தான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தர முடியும். ஐ-20 கைக்கு வருமுன் யாரிடமும் பெரிய தொகை கட்டாதீர்கள்.

எங்கள் பள்ளி மிசௌரி மிஷனரிகள் தொடங்கியது. நாங்களும் அந்த அமெரிக்கத் தரச்சான்றை வாங்கலாமா? (ஒரு தலைமையாசிரியர், ஆம்பூர் வட்டாரம்)

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்தது ஐயா. 1895இல் கிருஷ்ணகிரியில் கால் வைத்த மிஷன் அது. நானும் நீங்களும் ஒரே ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்.

அந்தச் சான்றுக்குப் பின்னால் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மாணவர்கள் எழுதுவது தமிழ்நாடு அரசுத் தேர்வு, உங்களுக்கு வேண்டியது மாநில அரசின் அங்கீகாரம். ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் மிசௌரி சினட் வழி வந்த பள்ளிகள் அமெரிக்கத் தரச்சான்று வைத்திருப்பது, அவை அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்துவதால்.

ஆனால் சுய ஆய்வுக்கு யார் அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை. ஏழு தலைப்பையும் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். ஒரு தலைப்புக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் இரண்டு பேர், பழைய மாணவர் ஒருவர், சத்துணவு அம்மா எல்லோரையும் உட்கார வையுங்கள். வருட முடிவில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து மூன்று ஆசிரியர்களை அழைத்து, நீங்கள் எழுதியதைக் கையில் கொடுத்து, இரண்டு நாள் பள்ளியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.