சாப்பாடு வருவதற்குள் முடிந்துபோன பாட்டில்

கேள்வி: சென்ற கோடையில் இத்தாலிக்குப் போயிருந்தோம். அங்கோனா துறைமுகத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் வெர்டிக்கியோ என்ற வெள்ளை ஒயின் வாங்கினோம். நல்ல வெயில்; ஐஸ் வாளியிலேயே வைத்துக் குடித்ததில் சாப்பாடு வருவதற்குள் பாட்டில் முடிந்துவிட்டது. புளிப்பு, கடைசியில் ஒரு கசப்பு, வேறொன்றும் தெரியவில்லை. பாட்டில் மட்டும் அழகு. வெள்ளை ஒயின் என்பதே பாட்டிலைக் காட்டி விற்கும் வியாபாரம்தானே?

பதில்: கடைசியில் வந்த அந்தக் கசப்பைக் குறை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். வெர்டிக்கியோவை அடையாளம் காட்டுவதே அதுதான். பாதாமைத் தோலோடு மென்றால் விழுங்கிய பிறகு லேசாக ஒரு கசப்பு தங்குமே, அது. அதற்கு முன்னால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், சில சமயம் சோம்பு என்று வரிசையாக வாசனைகள் வந்திருக்க வேண்டும். அவற்றை உங்களிடமிருந்து பறித்தது ஐஸ் வாளி. குளிர் ஏற ஏற ஒயினின் வாசனை அடங்கிவிடும். புளிப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 10, 12 டிகிரியில் குடிக்க வேண்டியதை ஐஸ் தண்ணீராக்கிக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால், பழி ஒயின் மேல் விழக் கூடாது.

பாட்டிலைப் பற்றிய சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. நீங்கள் பார்த்தது இடை சிறுத்து, கழுத்தில் சின்ன ஓலைச்சுருள் போல ஒரு காகிதம் தொங்கும் பச்சைப் பாட்டில் என்றால், அது 1953இல் ஃபாட்ஸி பட்டாலியா நிறுவனத்துக்காகக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ மயோக்கி வடிவமைத்தது. பழங்கால ஆம்போரா ஜாடியின் சாயல். அந்தப் பாட்டில்தான் வெர்டிக்கியோவை உலகக் கடைகளுக்குக் கொண்டுபோனது. கூடவே, கோடைக்கு வாங்கிக் குடித்துவிட்டு மறந்துவிடும் மலிவு ஒயின் என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரைக் கழுவுவதற்காகவே பின்னால் பலர் சாதாரண பாட்டிலுக்கு மாறினார்கள். ஆனால் வெர்டிக்கியோ என்ற அந்தத் திராட்சை என்ன பாவம் செய்தது?

மார்க்கே மாநிலத்தில், யேசி நகரைச் சுற்றி எசினோ ஆற்றின் இருபுறமும் உள்ள குன்றுகளில் விளைவது ஒரு வகை. 1968இல் டிஓசி தகுதி, அதாவது ஒயின் எந்த ஊரில், எந்த முறையில் உருவானது என்பதற்கு இத்தாலி சட்டப்படி தரும் உறுதி, பெற்றது. உள்ளே தள்ளி மலைகளுக்கு நடுவே மத்தேலிகா ஊரில் விளைவது இன்னொரு வகை. அந்தப் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடுவதால் கடற்காற்று எளிதில் எட்டாது, இரவுகள் குளிரும், அதனால் திராட்சையில் புளிப்பு குறையாமல் நிற்கும். யேசி ஒயின் கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கும். மத்தேலிகா ஒயின் கூர்மையாக இருக்கும். எனக்கு மத்தேலிகாதான் பிடிக்கும். ரிசெர்வா என்று போட்டிருந்தால் குறைந்தது 18 மாதம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வந்திருக்கிறது என்று பொருள். நல்ல ரிசெர்வா பத்து வருடம் கூடத் தாங்கும். வெறும் பாட்டில் வியாபாரத்தால் அது நடக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே வருத்தியது வேறொரு வரி: சாப்பாடு வருவதற்குள் பாட்டில் முடிந்துவிட்டது! அதுவும் அங்கோனாவில் உட்கார்ந்துகொண்டு. அந்த ஊரில் ப்ரொதெத்தோ என்று ஒரு மீன் குழம்பு உண்டு. விலைபோகாத மீன்களை மீனவர்கள் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்ததில் பிறந்தது. 13 வகை மீன் சேர வேண்டும் என்பது ஊர் வழக்கு. தக்காளியும் வினிகரும் சேர்ந்த குழம்பு, தொட்டுக்கொள்ள வாட்டிய ரொட்டி. இந்தக் குழம்புக்குப் பக்கத்தில் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் சப்பென்று ஆகிவிடும். வெர்டிக்கியோ குழம்பின் புளிப்புக்கு ஈடுகொடுத்து நிற்கும். நீங்கள் குறை சொன்ன அந்தக் கசப்பு வாயில் ஒட்டிய எண்ணெயை வழித்தெடுக்கும். அடுத்த கவளத்துக்கு நாக்கு மறுபடி சுத்தமாக இருக்கும். புளி ஊற்றிய மீன் குழம்பில் வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அங்கோனாக்காரர்கள் இந்த ஒயினைச் சமையலிலும் ஊற்றுகிறார்கள். காயவைத்த நார்வே காட் மீனை ஊறவைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, தாராளமாக ஆலிவ் எண்ணெய், வெர்டிக்கியோ எல்லாம் சேர்த்து, கிளறாமல் சிறுதீயில் வேகவிடுவார்கள். தெற்கே அஸ்கோலிப் பக்கம் பச்சை ஆலிவுக்குள் இறைச்சியை அடைத்துப் பொரிக்கும் பண்டம் ஒன்று உண்டு. அதன் உப்புக்கும் எண்ணெய்க்கும் இந்த ஒயின் அருமையாகப் பொருந்தும். காட்டுச் சோம்பு போட்ட முயல் கறிக்கும்கூட. மாட்டிறைச்சி ஸ்டேக்குக்கு மட்டும் வேண்டாம்.

மறுபடி அங்கோனா போனால் முதலில் ப்ரொதெத்தோவுக்குச் சொல்லுங்கள். பாட்டிலை வாளியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். சட்டி வந்து, முதல் துண்டு மீனை வாயில் போட்ட பிறகு கிளாஸை எடுங்கள்.