புயல் வந்தாலே ‘ஹாவக்’: வாசகர் கேள்விகள்

கே: அழிவுக்கு டிஸ்ட்ரக்‌ஷன் என்ற சொல் இருக்கும்போது, ஆங்கிலப் பத்திரிகைகள் ஹாவக் என்று எழுதுவது ஏன்?

ப: இரண்டும் ஒன்றல்ல. பாலம் இடிந்தது, வீடு தரைமட்டமானது என்றால் டிஸ்ட்ரக்‌ஷன் போதும். ஹாவக்கில் அழிவோடு அலங்கோலமும் சேர்ந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வேரோடு சாய்ந்த தென்னை டிஸ்ட்ரக்‌ஷன். கம்பம் முறிந்து, கரன்ட் போய், மோட்டார் ஓடாமல் குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைந்ததையும் சேர்த்துச் சொன்னால் ஹாவக்.

கே: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ப: போர்க்களத்திலிருந்து. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது அது வெறும் கூச்சல்தான். படைத்தலைவன் “ஹாவக்!” என்று குரல் கொடுத்தால், சிப்பாய்கள் கொள்ளையில் இறங்கலாம். சண்டை முடியுமுன் ஆளுக்கொரு பக்கம் மூட்டை கட்டக் கிளம்பினால் படை என்னாவது? அதனால்தான் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் 1385-ல் தன் படைக்குப் போட்ட விதிகளில், இஷ்டத்துக்கு அந்தக் குரலை எழுப்புகிறவனுக்குத் தலை போகும் என்று எழுதிவைத்தார். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில், சீசரின் பிணத்தருகே தனியாக நிற்கும் ஆன்டனி ‘க்ரை ஹாவக்’ என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். கொள்ளை பின்னால் மறைந்து, நாசம் மட்டும் தங்கிவிட்டது. நம் ‘சூறையாடுதல்’ இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும்: கொள்ளைக்காரனும் சூறையாடுவான், புயலும் சூறையாடும். மொழிபெயர்க்கிறவர்கள் ‘பேரழிவை ஏற்படுத்தியது’ என்று இழுக்காமல் இதைக் கையிலெடுக்கலாம்.

கே: ரெக் ஹாவக்கா, ரீக் ஹாவக்கா?

ப: ரீக், அதாவது விளைவிப்பது. டபிள்யூ, ஆர், ஈ, ஏ, கே. முதல் எழுத்துக்கு வாயில் வேலையில்லை. ரெக் என்றால் உடைப்பது, இங்கே பொருந்தாது. ஆனாலும் அச்சில் அடிக்கடி கண்ணில் படுகிற பிழை இது. இறந்தகாலம் ரீக்ட். ‘ராட் ஹாவக்’ என்றும் எழுதுகிறார்கள். ராட் என்பது வொர்க்கின் பழைய இறந்தகாலம். அகராதிகள் இடம் கொடுத்துவிட்டதால் தப்பென்று சொல்ல முடியாது. என் ஓட்டு ரீக்ட்டுக்கே.

கே: எ ஹாவக், ஹாவக்ஸ் என்று எழுதலாமா?

ப: இரண்டும் வேண்டாம்.

கே: ‘ப்ளே ஹாவக் வித்’ என்பதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

ப: எங்கும் இல்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததைக் குட்டிச்சுவராக்குவதுதான் பொருள். நைட் ஷிஃப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறது, மூடுபனி ரயில் நேரத்தைக் குழப்புகிறது – இதற்கெல்லாம் இது கச்சிதம். ஒரு பொருளும் உடைந்திருக்க வேண்டியதில்லை. ‘வித்’ மட்டும் கட்டாயம். ஆட்கள் செத்த வெள்ளத்துக்கு இதை எழுதாதீர்கள், படிக்கிறவருக்கு உறுத்தும். அங்கே ரீக் வரட்டும்.

கே: ஆங்கில பைபிளில் ‘மேட் ஹாவக்’ என்று படித்தேன். சரியா?

ப: 1611-ல் வந்த மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் 8:3. தமிழில் சவுல் சபையை ‘பாழாக்கிக்கொண்டிருந்தான்’ என்று வரும் இடம். அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்கு யாரும் மேக் போடுவதில்லை.

கே: ஹாவக்கை வினைச்சொல்லாக்கலாமா?

ப: அகராதியில் உண்டு. பிக்னிக்கைப் போலவே கடைசி ‘சி’ எழுத்துக்குப் பின்னால் ஒரு ‘கே’ சேர்த்து, ஹாவக்டு, ஹாவக்கிங் என்று வரும். தேர்வில் எழுதிவிடாதீர்கள், திருத்துகிறவர் சுழித்துவிடுவார்.