பூச்சு வேலைக்கு முன்னாடியே கேட்டுடுங்க: ஸ்மார்ட் லைட், ஸ்மார்ட் சுவிட்ச் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புது வீடு கட்டிட்டு இருக்கோம். சுவர் எழும்பிடுச்சு, பைப் போட காடி வெட்டிட்டு இருக்காங்க, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கல. ஸ்மார்ட் சுவிட்ச் எல்லாம் குடி போனப்புறம் பார்த்துக்கலாம், இப்ப எதுக்கு அவசரம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. எலக்ட்ரீஷியனும் அதையேதான் சொல்றாரு. சரியா?

பதில்: சுவிட்ச்சை அப்புறம் வாங்கிக்கலாம்னு சொல்றது சரிதான்மா, ஆனா அதுக்கு வேணுங்கிற ஒயர் இப்பவே சுவருக்குள்ள போயிடணும், இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

சாதாரண லைட் சுவிட்ச்சுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னா, கரண்ட் கொண்டு வர்ற பேஸ் ஒயர் ஒண்ணு உள்ள வருது, சுவிட்ச் வழியா லைட்டுக்கு ஏறுது, அவ்வளவுதான், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயர் அந்தப் பக்கமே வராம நேரா லைட்டுக்குப் போயிடும். பழைய சுவிட்ச்சுக்கு அது போதும். ஆனா ஸ்மார்ட் சுவிட்ச்ங்கிறது உள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர், லைட் அணைஞ்சிருந்தாலும் அது முழிச்சுட்டே இருக்கணும், நீங்க எப்ப கூப்பிடுவீங்கன்னு காத்துட்டே இருக்கணும், அதுக்கு எப்பவும் கரண்ட் வேணும், கரண்ட் போய்த் திரும்ப நியூட்ரல் வேணும். பிளக் பாயின்ட் சேர்ந்து இருக்கிற போர்டுல நியூட்ரல் எப்படியும் இருக்கும். இல்லாம போறது எங்கன்னா படிக்கட்டு, பாத்ரூம் வெளிப்பக்கம், கட்டில் பக்கத்துல இருக்கிற டூவே (ஒரே லைட்டை ரெண்டு இடத்துல இருந்து போடற சுவிட்ச்), வாசல் லைட், இந்த மாதிரி வெறும் லைட் சுவிட்ச் மட்டும் இருக்கிற சின்னப் போர்டுங்கதான், ஆனா ஆட்டோமேட்டிக்கா எரியணும்னு நாம ஆசைப்படறதும் சரியா அதே இடங்கதான். அதனால எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரே வரில சொல்லிடுங்க, எந்த சுவிட்ச் பாக்ஸா இருந்தாலும் ஒரு நியூட்ரல் இறங்கி இருக்கணும்.

நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யுற சுவிட்ச்சும் கடைல இருக்கு, கேட்டா அதைக் காட்டுவாங்க. அது லைட் வழியாவே கொஞ்சமா கரண்ட்டைக் கசிய விட்டு உயிரோட இருக்கும். பழைய குண்டு பல்பு காலத்துல அது பிரச்சனையே இல்ல, இப்ப 5 வாட் எல்இடிக்கு அந்தக் கசிவே போதும். ஒரு வீட்ல குழந்தைங்க ரூம்ல பார்த்தேன், சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, ஆனா கதவைச் சாத்தி இருட்டாக்கிட்டு நின்னா மேல பல்பு சில செகண்டுக்கு ஒரு தடவை மினுக்குனு அடிச்சு அணையுது, குழந்தை பயந்து தூங்காம இருந்திருக்கு, யாருக்கும் காரணம் புரியல. லைட் கிட்ட, அந்தக் கசிவைத் தன் வழியா விடற பைபாஸ் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டு சரி பண்ணினோம். ஆனா சுவர் திறந்திருக்கும்போதே ஒரு ஒயர் இழுத்திருந்தா அந்த வேலையே வந்திருக்காது.

நியூட்ரல் கொடுக்கும்போது அது எந்த நியூட்ரல்னு பாருங்க, இதைப் பல பேர் விட்டுடறாங்க. அந்த லைட்டோட பேஸ் எந்த சர்க்யூட்ல வருதோ அதே சர்க்யூட் நியூட்ரலா இருக்கணும், பக்கத்துல கிடைச்சதுன்னு வேற சர்க்யூட்ல இருந்து எடுத்துக் கட்டக் கூடாது. ஷாக்ல இருந்து காப்பாத்தற பிரேக்கரான ஆர்சிசிபி என்ன பண்ணுதுன்னா, பேஸ்ல போன கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு பார்த்துட்டே இருக்கும், வீட்டுக்குப் போடறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப், அந்த அளவு வித்தியாசம் வந்தா டிரிப் ஆயிடும். சர்க்யூட் மாறி நியூட்ரல் எடுத்திருந்தா ரெண்டு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருக்கிற வீட்ல லைட் போட்டதும் டிரிப் அடிக்கும், எதனாலன்னு தேடி ரெண்டு மூணு நாள் போயிடும். டிரிப் அடிக்காத வீட்ல இன்னும் மோசம், ஒரு சர்க்யூட்டோட எம்சிபி பிரேக்கரை இறக்கிட்டு செத்த ஒயர்னு நம்பிக் கை வைக்கிறவருக்கு நியூட்ரல்ல ஷாக் அடிக்கும்.

பாக்ஸ் ஆழமா கிடைக்கிறதை வாங்குங்க. சுவிட்ச்சை ஸ்மார்ட் ஆக்க அதுக்குப் பின்னாடி மாட்டுற ரிலே மாட்யூல் (ரிலேன்னா சிக்னல் வந்தா தானா ஆன், ஆஃப் ஆகற சுவிட்ச்) தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசுதான், ஆனா நாலு சுவிட்ச்சோட ஒயரும் சுருண்டு உள்ள கிடக்கும்போது ஆழமில்லாத பாக்ஸ்ல மூடி மூடவே மூடாது, அழுத்தி ஸ்க்ரூ போட்டா ஒயர் நசுங்கும், சூடும் வெளிய போகாது. இரும்பு பாக்ஸ் வைக்கிறாங்கன்னா உள்ள இருக்கிற மாட்யூலோட சிக்னல் கொஞ்சம் குறையும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அப்புறம் ஒரு வேலை இருக்கு, இதுக்கு செலவே கிடையாது. பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்க, சும்மா எடுக்காம டேப்பை நிமித்தி தரைல இருந்து எவ்வளவு உயரம், மூலைல இருந்து எவ்வளவு தூரம்னு போட்டோல தெரியுற மாதிரி எடுங்க. பல வருஷம் கழிச்சு டிரில் போடறவரு உங்களை வாழ்த்துவாரு.

கேள்வி: ஸ்மார்ட் பல்பு வாங்கறதா, ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கறதா? பல்புன்னா மாட்டினா போதும்ல, வேலை சுலபம்.

பதில்: வாடகை வீடா இருந்தா பல்புன்னு சொல்லிடுவேன். சொந்தமா கட்டுற வீட்டுக்கு சுவிட்ச்தான், ரொம்ப உறுதியா சொல்றேன்.

ஸ்மார்ட் பல்புக்கு சுவத்துல இருக்கிற சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும், யாராவது பழக்கத்துல ஆஃப் பண்ணிட்டா அது செத்த பல்பு, போன்ல எத்தனை தட்டு தட்டினாலும் எரியாது. வீட்டுக்கு வர்ற விருந்தாளி, சின்னப் பசங்க, பெரியவங்க எல்லார்கிட்டயும் சுவிட்ச்சைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டே இருக்க முடியுமா, சுவிட்ச்னா தொடத்தானே. இன்னொண்ணு, எங்க வீட்லயே நடந்தது. ஆரம்பத்துல ஹால், பெட்ரூம் எல்லாம் ஸ்மார்ட் பல்பா போட்டு வச்சிருந்தேன், ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கரண்ட் போய் வந்துச்சு, வந்ததும் வீட்ல இருந்த அத்தனை பல்பும் ஒரே நேரத்துல முழு வெளிச்சத்துல எரிஞ்சு எல்லாரும் எழுந்து உக்காந்துட்டோம், ஏன்னா கரண்ட் வந்தா எரியணும்னுதான் பல பல்புல கம்பெனி செட்டிங். ஆப்ல பவர் ஆன் பிஹேவியர்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல பழைய நிலைக்குப் போன்னு மாத்திக்கலாம். அந்த ஆப்ஷனே இல்லாத பல்பை வாங்காதீங்க.

அணைச்சு வச்சிருந்தாலும் ஒவ்வொரு பல்பும் கொஞ்சம் தின்னும். ஒண்ணுக்கு அரை வாட்னு வச்சுக்கிட்டா 40 பல்புக்கு 20 வாட், வருஷம் முழுக்க ஓடினா 175 யூனிட், எரியாத லைட்டுக்கு மட்டும் இது. சுவிட்ச்சும் தின்னும்தான், ஆனா ஒரு சுவிட்ச்சுல ஆறு லைட் தொங்கும்போது கணக்கு வேற. கலர் மாத்தணும்னு ஆசைப்படற ஒரு ரெண்டு இடத்துல மட்டும் ஸ்மார்ட் பல்பு போட்டுக்கோங்க, அங்க சுவிட்ச்சை ரிலேவோட கட்டாம வெறும் சிக்னல் அனுப்புற மாதிரி செட் பண்ணிடுங்க, அப்ப யார் தட்டினாலும் பல்புக்குப் போற கரண்ட் நிக்காது.

கேள்வி: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் போட்டதும் லைட் துடிக்குது. ஃபேனையும் அதே டிம்மர்லயே போட்டா ஒரே சத்தம்.

பதில்: ஃபேனை இன்னைக்கே அதுல இருந்து கழட்டிடுங்க. லைட் டிம்மர்ல ஃபேன் ஓட்டக் கூடாது, மோட்டார் சூடாகும். சாதாரண ஃபேனுக்கு கெப்பாசிட்டர் வச்ச ஸ்டெப் ரெகுலேட்டர், பிஎல்டிசி ஃபேனா இருந்தா ரெகுலேட்டரே வேண்டாம், நேரா கரண்ட் கொடுத்துட்டு ரிமோட்ல வேகத்தை மாத்திக்கணும்.

லைட் துடிக்கிறதுக்கு முதல்ல பல்பு அட்டைல டிம்மபிள்னு போட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா எந்த டிம்மர் போட்டும் பிரயோஜனம் இல்ல. போட்டிருந்தும் துடிச்சா டிம்மர் வகையா இருக்கலாம், ரெண்டு வகை இருக்கு, கரண்ட் அலையோட முன்பக்கத்தை வெட்டற லீடிங் எட்ஜ்ங்கிறது குண்டு பல்பு காலத்துது, எல்இடிக்குப் பெரும்பாலும் பின்பக்கத்தை வெட்டற டிரெய்லிங் எட்ஜ்தான் ஒத்துப்போகுது. மினிமம் லோடும் பாருங்க, டிம்மர் 20 வாட்டாவது கேட்கும்போது நீங்க ஒரு 7 வாட் பல்பு மட்டும் மாட்டினா அது திணறத்தான் செய்யும்.

கேள்வி: கீசர், ஏசி, தண்ணி மோட்டார் எல்லாத்தையும் போன்லயே போட்டு அணைக்கணும். 10 ஆம்ப் ஸ்மார்ட் சுவிட்ச் போதுமா?

பதில்: போதாது. தயவு செஞ்சு இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

230 வோல்ட்ல 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும், 3000 வாட்டா இருந்தா 13 ஆம்ப். 10 ஆம்ப் ரிலேல 8.7 ஆம்ப்பைத் தினமும் அரை மணி ஓட்டினா அது எல்லையைத் தொட்டுட்டே நிக்குது, மூடின பாக்ஸுக்குள்ள சூடு வேற. பழுப்பேறி உருகிப்போன மாட்யூலைக் கைல எடுத்துப் பார்த்திருக்கேன், பிளாஸ்டிக் தீஞ்ச அந்த வாசனை பாத்ரூம் வரைக்கும் வந்திருந்துச்சு. அதோட அட்டைல போட்டிருக்கிற 10 ஆம்ப் கீசர், அயர்ன்பாக்ஸ் மாதிரி ஹீட்டர் வகைக்குத்தான், மோட்டாருக்கு இல்ல. மோட்டார் கிளம்பும்போது ஓடுற கரண்ட்டைப் போல பல மடங்கு இழுக்கும், அந்த அடில ரிலேவோட காண்டாக்ட் ஒட்டிக்கும், ஒட்டிட்டா போன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிட்டே இருக்கும். எல்இடி லைட்டுமே நிறைய சேர்ந்தா ஆன் பண்ற நொடில இப்படி ஒரு அடி கொடுக்கும், அதனால எல்இடிக்கு எத்தனை வாட்னு தனியாப் போட்டிருக்கிறதைத்தான் பார்க்கணும்.

சரியான வழி கான்டாக்டர், அதாவது பெரிய கரண்ட்டைத் தாங்கற ரிலே. எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ்ல கீசருக்கு ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணு வச்சு, ஸ்மார்ட் ரிலே அந்தக் கான்டாக்டர் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற மாதிரி கட்டச் சொல்லுங்க, பெரிய கரண்ட் முழுக்க கான்டாக்டர் வழியாத்தான் போகும். இதுக்கு டிபில இடம் வேணும், அதனால இப்பவே ஒரு சைஸ் பெரிய டிபி வாங்கிடுங்க. ஏசிக்கு இதெல்லாம் வேண்டாம், ஓடிட்டு இருக்கிற கம்ப்ரஸரைக் கரண்ட் வெட்டி நிறுத்தறது நல்லதில்ல, ரிமோட் சிக்னல் கொடுக்கிற ஐஆர் பிளாஸ்டர் ஒண்ணு அந்த ரூம்ல இருந்தா போதும்.

கேள்வி: ஸ்மார்ட் சாதனங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்க வைஃபை, ஜிக்பீ, இஸட்-வேவ், மேட்டர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தலை சுத்துது.

பதில்: சுருக்கமா சொல்றேன். நாலஞ்சு சாதனம் மட்டும்னா வைஃபை போதும், ஆனா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் சேரும், வீடு முழுக்கன்னு போனா சாதாரண ரவுட்டர் திணறிடும். ஜிக்பீ ஒண்ணுக்கொண்ணு சிக்னலைக் கை மாத்திவிடும், கரண்ட்ல ஓடற சாதனம் பெரும்பாலும் அடுத்ததுக்குப் பாலமா நிக்கும், பேட்டரில ஓடறதும் பல நியூட்ரல் இல்லாத சுவிட்ச்சும் அப்படி நிக்காது, முதல் பதில்ல நியூட்ரல் நியூட்ரல்னு நான் அடிச்சுக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். இஸட்-வேவ் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும், வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க மூலமா வாங்கிடாதீங்க. மேட்டர் 2022 அக்டோபர்ல வந்தது, ஜிக்பீயை உருவாக்கின அதே கூட்டமைப்பு கொண்டு வந்தது, வேற வேற கம்பெனி சாதனங்க ஒரே பாஷை பேசணும்ங்கிறதுதான் நோக்கம், வைஃபைலயும், ஜிக்பீ மாதிரியே சிக்னலைக் கை மாத்திவிடற திரெட்லயும் ஓடும். புதுசா வாங்கறவங்க அந்தக் குறி இருக்கிறதா பார்த்து வாங்கலாம்.

இதை எல்லாம் விட முக்கியமா ஒண்ணு கேளுங்க: இன்டர்நெட் இல்லைன்னா இது வேலை செய்யுமா? நான் ஆசையா வாங்கின ஒரு ஹப் (சாதனங்களை எல்லாம் சேர்த்து நடத்தற பெட்டி), கம்பெனிக்காரங்க சர்வரை மூடினதும் ஒரே நாள்ல வெறும் டப்பா ஆயிடுச்சு, அதுல கட்டி வச்சிருந்த டைமர், சென்சார் எல்லாம் போச்சு. சுவர் சுவிட்ச் மட்டும் கைல தட்டினா எரிஞ்சுது, அதனால அன்னைக்கு வீடு இருட்டாகாம தப்பிச்சுது. வீட்டுக்குள்ளயே முடிவெடுக்கிற மாதிரி ஹப் வாங்குங்க, ஹோம் அசிஸ்டென்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கத்துக்கக் கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா யார் சர்வரையும் நம்பி இருக்க வேண்டாம்.

கேள்வி: எந்த ரூம் லைட்டுக்கு எத்தனை கெல்வின்?

பதில்: கெல்வின் கம்மின்னா மஞ்சள் வெளிச்சம், கூடினா வெள்ளை. படுக்கற, உக்கார்ற இடத்துக்கு 2700ல இருந்து 3000, சமையல், படிப்பு மேஜைக்கு 4000. 6500 வேண்டாம், ராத்திரி கண்ணுக்கு உறுத்தும். கண்ணாடி முன்னாடியும் அடுப்படிலயும் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கிற அளவு) 90க்கு மேல இருந்தா நிறம் நிறமாத் தெரியும்.

கேள்வி: அம்மா எங்ககூட இருக்காங்க, ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம் போவாங்க. சென்சார் லைட் வச்சேன், உள்ள உக்காந்திருக்கும்போதே அணைஞ்சுடுதாம், பயப்படறாங்க.

பதில்: அது பிஐஆர் சென்சார், அசைவு இருந்தாத்தான் அதுக்கு ஆள் தெரியும், அசையாம உக்காந்தா யாரும் இல்லைன்னு நினைச்சுக்கும். பாத்ரூமுக்குள்ள, ரேடார் மாதிரி வேலை செய்யற எம்எம்வேவ் பிரசன்ஸ் சென்சார் மாட்டுங்க, மூச்சு விடற அளவு அசைவையே கண்டுபிடிச்சுடும். நடைவழிக்கு பிஐஆரே போதும், ஆனா லைட்டை மேல வைக்காம முழங்காலுக்குக் கீழ, மங்கலா 2700ல வைங்க, கண் கூசாது, தரைல என்ன கிடக்குன்னு தெரியும். சுவிட்ச்சையும் எடுத்துடாதீங்க, அவங்க கைக்கு எட்டற உயரத்துல பழைய மாதிரி தட்டற சுவிட்ச் இருக்கட்டும்.

சென்சாரை நிரந்தரமா மாட்டறதுக்கு முன்னாடி டேப் வச்சு ஒட்டிட்டு, ராத்திரி அம்மா எழுந்து போகும்போது கூடவே போய்ப் பாருங்க, கட்டில்ல இருந்து கால் கீழ வைக்கும்போதே எரியுதா, இல்ல நாலடி இருட்டுல நடந்தப்புறம் எரியுதான்னு. கால் வைக்கும்போதே எரியற இடம் கிடைச்சதும் அங்க ஸ்க்ரூ போடுங்க.